ஒரு கொலையாளியும் மூன்று கேள்விகளும்

பல ஆண்டுகளுக்கு முன், இளங்கலைப் பொருளாதார மாணவர்களுக்கு ஐரோப்பியப் பொருளாதார வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். முதல் உலகப் போரின் பொருளாதார விளைவுகள் அன்றைய பாடம். போர் எப்படித் தொடங்கியது என்பதை வழக்கம்போல் இரண்டு வரிகளில் சொல்லிவிட்டுக் கடந்துபோக முயன்றபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, சுட்டவன் தியாகியா, கொலைகாரனா?" என்று கேட்டார். "நீ எந்த ஊரில் நின்று பார்க்கிறாய் என்பதைப் பொறுத்தது அது, தம்பி" என்றேன். வகுப்பு சிரித்தது. நான் பாடத்துக்குத் திரும்பினேன்.

அந்தப் பதில் சாமர்த்தியமானது. ஆனால் பதிலே அன்று. பணி ஓய்வுக்குப் பிறகு, நின்று நிதானித்துப் படிக்க நேரம் கிடைத்தபோது, 1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவருடைய மனைவி சோஃபியையும் சுட்டுக்கொன்ற காவ்ரிலோ பிரின்சிப்பின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அந்த மாணவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்பது அப்போதுதான் புரிந்தது. அவர் கேட்டது ஒரு கேள்வி. ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருந்தன. அந்த இளைஞரின் மனக்குறை நியாயமானதா? அவர் செய்த செயல் நியாயமானதா? அவருக்கு அரசு செய்தது நியாயமானதா? மூன்றுக்கும் தனித்தனியே விடை காண வேண்டும். ஒன்றின் விடையைக் கொண்டு மற்றொன்றை அடைத்துவிட முடியாது.

வாரக் குடியானவரின் மகன்

போஸ்னியாவின் மேற்குப் பகுதியில் உள்ள மலைக் கிராமம் ஒப்லயாய். அங்கு 1894 ஜூலை 13 அன்று பிரின்சிப் பிறந்தார். தந்தை பெட்டார் விவசாயி. நிலத்து வருமானம் போதாததால், மலைப்பாதையில் தபால் பைகளையும் பயணிகளையும் வண்டியில் ஏற்றிச்சென்று பிழைத்தவர். தாய் மரியா. அவர்களுக்குப் பிறந்த ஒன்பது குழந்தைகளில் ஆறு குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்தன. பிழைத்த மூவரில் ஒருவர் காவ்ரிலோ. பிறக்கும்போதே நோஞ்சானாக இருந்த குழந்தைக்கு, பாதிரியார் சொன்னபடி வானதூதர் கபிரியேலின் பெயரை வைத்தார்கள்.

அந்தக் குடும்பம் 'கிமெட்' என்னும் வாரக் குடியானவர் பிரிவைச் சேர்ந்தது. உழுபவருக்கு நிலம் சொந்தமில்லை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு அரசுக்குப் போகும். எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு நில உரிமையாளருக்குப் போகும். நம் ஊர்ப் பழைய வழக்கில் சொல்வதானால், இது மேல்வாரம். ஆட்டோமன் துருக்கியர் காலத்தில் நிலைபெற்ற ஏற்பாடு. 1878-இல் கூடிய பெர்லின் மாநாடு போஸ்னியாவை நிர்வகிக்கும் பொறுப்பை ஆஸ்திரிய-ஹங்கேரியிடம் ஒப்படைத்தபோது, பின்தங்கிய மாகாணத்தை நாகரிகப்படுத்த வந்திருப்பதாகப் பேரரசு சொல்லிக்கொண்டது. இருப்புப் பாதை போட்டது, சுரங்கம் வெட்டியது, மரத் தொழிலை வளர்த்தது, சரயேவோவில் அழகிய கட்டடங்களை எழுப்பியது. ஆனால் கிமெட் முறையை மட்டும் தொடவில்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். போஸ்னியாவின் செலவை போஸ்னியாவின் வருவாயிலிருந்தே ஈடுகட்ட வேண்டும் என்று 1880-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. நில உரிமையாளர்களுக்கு இழப்பீடு கொடுத்து நிலத்தை மீட்கப் பணம் வேண்டும். அதைவிட முக்கியம், அந்த நிலவுடைமைக் குடும்பங்களின் ஆதரவு பேரரசின் ஆட்சிக்குத் தேவைப்பட்டது. 1910-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கிமெட்டுகளை வைத்திருந்த நில உரிமையாளர்களில் பத்தில் ஒன்பது பேர் முஸ்லிம்கள். கிமெட்டுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களான செர்பியர்கள். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். முஸ்லிம்களிலும் பெரும்பாலோர் எளிய உழவர்களே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆயினும் வர்க்க வேறுபாடும் மத வேறுபாடும் ஒரே கோட்டில் அமைந்துவிட்டால், பொருளாதாரக் குறை இனக்குறையாக மாறுவதற்கு நெடுநேரம் ஆவதில்லை. முப்பது ஆண்டு 'நாகரிக ஆட்சி'க்குப் பிறகும் அந்த மாகாணத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எழுத்தறிவற்றவர்களாக இருந்தார்கள்.

1911-இல்தான் ஒரு சட்டம் வந்தது. நில உரிமையாளர் ஒப்புக்கொண்டால், குடியானவர் அரசுக் கடன் வாங்கி நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. அந்த வேகத்தில் எல்லோரும் விடுபடப் பல பத்தாண்டுகள் ஆகியிருக்கும்.

பின்னாளில் நீதிமன்றத்தில் பிரின்சிப், தான் ஒரு விவசாயியின் மகன் என்றும், கிராமங்களில் நடப்பது தனக்குத் தெரியும் என்றும், அதற்குப் பழிவாங்கவே விரும்பியதாகவும் சொன்னார். அரசியல் பேச்சாக எண்ணி இதைத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஒப்லயாயின் கணக்கைப் பார்த்தவர்களால் அப்படித் தள்ள முடியாது. முதல் கேள்விக்கு என் விடை, ஆம், அந்த மனக்குறை நியாயமானது.

படிக்க வந்த சிறுவன்

ஒன்பது வயதில்தான் அவர் பள்ளிக்குப் போனார். அதுவரை ஆடு மேய்க்க ஆள் வேண்டியிருந்தது. நன்றாகப் படித்தார். 13 வயதில் அண்ணன் அவரைச் சரயேவோவுக்கு அழைத்துவந்தார். செலவில்லாமல் படிக்கலாம் என்பதால் ராணுவப் பள்ளியில் சேர்ப்பது திட்டம். வழியில் ஒரு கடைக்காரர், சொந்த மக்களையே ஒடுக்கும் வேலைக்கா தம்பியை அனுப்பப் போகிறாய் என்று தடுத்ததாகவும், அதனால் வணிகப் பள்ளியில் சேர்த்ததாகவும் சொல்லப்படுகிறது. அந்தக் கடைக்காரர் அன்று கடையில் இல்லாதிருந்தால், பிரின்சிப் பேரரசின் சீருடையிலேயே வாழ்ந்து முடிந்திருக்கக்கூடும்.

வணிகப் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படித்த பிறகு உயர்நிலைப் பள்ளிக்கு மாறினார். நகரத்தின் புத்தகங்களும் விவாதங்களும் அவரை ஈர்த்தன. 'இளைய போஸ்னியா' என்று அழைக்கப்பட்ட மாணவர் வட்டத்தில் 1911 வாக்கில் சேர்ந்தார். அது கட்டுக்கோப்பான கட்சி அன்று. செர்பியர், குரோவாசியர், முஸ்லிம்கள் எனப் பல பிரிவினரும் அதில் இருந்தார்கள். ரஷ்யப் புரட்சியாளர்களை விரும்பிப் படித்தார்கள். ஒரு தனி மனிதனின் தியாகச் செயல், தூங்கும் மக்களை எழுப்பிவிடும் என்று நம்பினார்கள். அவர்களுடைய ஆதர்சம் போக்டான் ஜெராயிச் என்ற மாணவர். போஸ்னிய ஆளுநரை 1910-இல் ஐந்து முறை சுட்டுக் குறி தவறி, ஆறாவது தோட்டாவால் தம்மையே மாய்த்துக்கொண்டவர். அவருடைய கல்லறைக்குப் பிரின்சிப் பலமுறை சென்றிருக்கிறார்; கொலைக்கு முந்தைய நாள் இரவிலும் சென்றார்.

1912-இல் அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொண்டதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். பெல்கிரேடுக்குப் போனார். பால்கன் போர் மூண்டபோது தன்னார்வப் படையில் சேர முயன்றார். உருவம் சிறியது, உடல் வலுவற்றது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படிப்பு போய்விட்டது, போர்க்களமும் மறுத்துவிட்டது. பதினெட்டு வயது இளைஞர் ஒருவரிடம் அந்த நிராகரிப்பு என்ன செய்திருக்கும் என்பதை, நாற்பது ஆண்டுகள் மாணவர்களோடு பழகியவன் என்ற முறையில் என்னால் ஊகிக்க முடிகிறது.

இளவரசர் சரயேவோவுக்கு வரப்போகும் செய்தி 1914-இல் ஒரு நாளிதழ்த் துணுக்காக நண்பர்கள் கைக்கு வந்தது. பிரின்சிப், நெடெல்கோ சாப்ரினோவிச், திரிஃப்கோ கிராபெஜ் ஆகிய மூவரும் பெல்கிரேடில் முடிவெடுத்தார்கள். குண்டுகளையும் துப்பாக்கிகளையும் கொடுத்தவர்கள் செர்பிய ராணுவத்தினுள் இயங்கிய 'கருப்புக் கை' என்னும் ரகசிய அமைப்பினர். அதன் தலைவர் திராகுட்டின் திமித்ரியேவிச், செர்பிய ராணுவ உளவுத்துறைக்கே தலைவர். கைத்துப்பாக்கி சுடப் பயிற்சியும் கிடைத்தது. லட்சியத்துக்காக உயிரைக் கொடுக்கத் துடிக்கும் பையன்களும், அந்த உயிரைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்த அதிகாரிகளும் சந்தித்த இடம் அது. உலக வரலாற்றில் இப்படிப்பட்ட சந்திப்புகள் பலமுறை நடந்திருக்கின்றன. திட்டம் தங்களுடையதே, வேறு எவரும் தூண்டவில்லை என்று பிரின்சிப் இறுதிவரை வாதிட்டார். திட்டம் அவர்களுடையதாக இருக்கலாம். துப்பாக்கி அவர்களுடையது அன்று.

ஜூன் 28

அன்று காலை ஆற்றோரச் சாலையில் ஆறு இளைஞர்கள் பிரிந்து நின்றார்கள். முதல் இருவர் செயல்படவில்லை. சாப்ரினோவிச் எறிந்த குண்டு இளவரசரின் காரைத் தாண்டி விழுந்து வெடித்து, பின்னால் வந்தவர்களையும் வேடிக்கை பார்த்தவர்களையும் காயப்படுத்தியது. திட்டம் தோற்றுவிட்டது. நகர மன்றத்தில் வரவேற்பு முடிந்ததும், காயமடைந்த அதிகாரியை மருத்துவமனையில் பார்க்க வேண்டும் என்றார் இளவரசர். பாதையை மாற்றினார்கள், ஓட்டுநரிடம் சொல்ல மறந்தார்கள். கார் பழைய திட்டப்படியே ஒரு தெருவுக்குள் திரும்பியது. தவறு என்று கூவியதும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். நின்ற இடம் ஓர் உணவுப் பொருள் கடையின் எதிரே. அங்கே பிரின்சிப் நின்றுகொண்டிருந்தார். இரண்டு முறை சுட்டார்.

அவர் அப்போது சாண்ட்விச் வாங்கித் தின்றுகொண்டிருந்தார் என்று இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. ஆதாரமற்ற பிற்காலக் கற்பனை அது. இளவரசர் திரும்பி வருவதாக அறிவிக்கப்பட்ட பாதையில்தான் அவர் காத்திருந்தார். கார் சில அடி தூரத்தில் வந்து நின்றது மட்டுமே தற்செயல்.

சோஃபியைக் கொல்ல நினைக்கவில்லை, இரண்டாவது தோட்டா ஆளுநர் பொட்டியோரெக்குக்கு உரியது என்று அவர் நீதிமன்றத்தில் வருத்தத்தோடு சொன்னார். அந்தத் தம்பதியர் விட்டுச்சென்ற மூன்று குழந்தைகளும் 13 வயதுக்கு உட்பட்டவர்கள். சாப்ரினோவிச் மட்டும் அந்தக் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்பதாக நீதிமன்றத்தில் எழுந்து சொன்னார். பொட்டியோரெக் உயிர் பிழைத்து, சில வாரங்களில் செர்பியாவின் மீது படையெடுத்துச் சென்றார்.

கொல்லப்பட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் மக்களாட்சியாளர் அல்லர். ஆயினும் வியன்னாவில் தலைமைத் தளபதி திரும்பத் திரும்பச் செர்பியாவின் மீது போர் கேட்டபோது, வேண்டாம் என்று தடுத்தவர்களுள் அவர் முக்கியமானவர். பேரரசுக்குள் தென்-ஸ்லாவியர்களுக்குக் கூடுதல் இடம் தரலாம் என்ற யோசனையும் அவருடைய வட்டத்தில் பேசப்பட்டது. அத்தகைய சீர்திருத்தம் நடந்துவிட்டால் தங்கள் லட்சியத்துக்கு இடையூறு என்று பிரின்சிப் கருதினார். கிராமத்து வாரக் குடியானவரின் துயருக்குப் பழிவாங்கப் புறப்பட்ட தோட்டா, அந்தத் துயரை நிலைநிறுத்திய ஏற்பாட்டைத் தொடவில்லை. போரைத் தடுத்துக்கொண்டிருந்த ஒருவரையும் எந்தத் தீங்கும் செய்யாத ஒரு தாயையும் தாக்கியது.

போரைத் தொடங்கியது பிரின்சிப் அன்று. கொலைக்கும் போர்ப் பிரகடனத்துக்கும் இடையே சரியாக ஒரு மாதம் இருந்தது. ஜெர்மனியின் நிபந்தனையற்ற ஆதரவு, ஜூலை 23 அன்று செர்பியாவுக்கு வைக்கப்பட்ட ஏற்க முடியாத நிபந்தனைகள், ரஷ்யாவின் படைதிரட்டல் ஆகிய அனைத்தும் முதியவர்களும் அனுபவசாலிகளும் நிதானமாக எடுத்த முடிவுகள். அவர்களின் பொறுப்பைப் பத்தொன்பது வயது இளைஞரின் தலையில் ஏற்றுவது அநீதி. ஆனால் அந்தக் கூட்டத்துக்குச் சாக்கு ஒன்றைக் கையில் கொடுத்தது அவர்தான் என்பதையும் மறைக்க முடியாது. அந்தப் போர் நம் கடற்கரையையும் தொட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டுவீசி எரித்தது. நம் பேச்சு வழக்கில் 'எம்டன்' என்ற சொல் நிலைத்தது. அந்த இரவில் பிரின்சிப் சரயேவோ சிறையில் விசாரணைக்குக் காத்திருந்தார்.

பதினைந்து நாள்

விசாரணை அக்டோபர் 12 அன்று தொடங்கியது. 25 பேர் மீது குற்றச்சாட்டு. ஆஸ்திரியச் சட்டப்படி, குற்றம் நிகழ்ந்தபோது 20 வயது நிறையாதவருக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது. கொலை நடந்த நாளில், பிரின்சிப்புக்கு 20 வயது நிறைய 15 நாள் இருந்தது. ஆனால் ஒரு பதிவேட்டில் அவர் பிறந்த நாள் ஜூன் 13 என்று எழுதப்பட்டிருந்தது. அதை ஏற்றால் தூக்கு உறுதி. நீதிமன்றம் ஜூலை 13 என்பதையே ஏற்றது. நாடே பழிவாங்கத் துடித்த நேரம் அது. பக்கத்திலேயே போர் நடந்துகொண்டிருந்தது. அந்தச் சூழலில் பேரரசின் நீதிமன்றம் சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றியதை நான் மதிக்கிறேன்.

அக்டோபர் 28 அன்று தீர்ப்பு. சுட்ட பிரின்சிப்புக்கும், குண்டு எறிந்த சாப்ரினோவிச்சுக்கும், கிராபெஜுக்கும் தலா 20 ஆண்டுச் சிறை. உதவி செய்தவர்களில் வயது கூடியவர்களான டானிலோ இலிச், வெல்கோ சுப்ரிலோவிச், மிஷ்கோ யோவானோவிச் ஆகிய மூவர் 1915 பிப்ரவரி 3 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் சுப்ரிலோவிச் கிராமப் பள்ளி ஆசிரியர், யோவானோவிச் வணிகர்.

பிரின்சிப்பின் தண்டனையில் இரண்டு கூடுதல் விதிகள் இருந்தன. மாதத்தில் ஒரு நாள் உணவு கிடையாது. ஆண்டுதோறும் ஜூன் 28 அன்று இருட்டறை.

டெரெசின் சிறை

இன்றைய செக் குடியரசில் உள்ள டெரெசின் கோட்டைக்கு 1914 டிசம்பரில் அவரைக் கொண்டுசென்றார்கள். சுமார் பத்துக் கிலோ எடையுள்ள சங்கிலி பூட்டித் தனிமைச் சிறையில் வைத்தார்கள். ஈரமும் குளிரும் நிறைந்த அறை. போர் நீள நீள உணவு குறைந்தது. 1916 ஜனவரியில் அவர் துண்டால் தூக்கிட்டுக்கொள்ள முயன்று தோற்றார்.

அந்த ஆண்டு மார்ட்டின் பாப்பென்ஹைம் என்ற வியன்னா மனநல மருத்துவர் அவரைச் சில முறை சந்தித்துப் பேசிக் குறிப்பெடுத்தார். அக்குறிப்புகள் பத்தாண்டுகள் கழித்து வெளிவந்தன. படிக்க ஒன்றுமில்லாதிருப்பதே தனக்குப் பெருந்துன்பம் என்று பிரின்சிப் அவரிடம் சொன்னார். உலகப் போர் தன் செயலால் விளைந்தது என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். செய்தது நல்லதா என்று சொல்ல இயலாது, வீணாகச் செய்துவிட்டோமோ என்ற அச்சம் இருக்கிறது என்றும் சொன்னார். அவரைத் தியாகியாக்கியவர்களும் சரி, கொடியவராக்கியவர்களும் சரி, இந்த ஒரு குறிப்பை அதிகம் எடுத்துக்காட்டுவதில்லை.

எலும்புக் காசநோய் அவரைத் தின்றது. ஒரு கையை வெட்டி எடுத்தார்கள். 1918 ஏப்ரல் 28 அன்று இறந்தார். அப்போது வயது 23. சாப்ரினோவிச் 1916 ஜனவரியிலும் கிராபெஜ் அதே ஆண்டு அக்டோபரிலும் அதே சிறையில் இறந்திருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து விதிக்கப்பட்டது 60 ஆண்டுகள். தீர்ப்புக்குப் பிறகு மூவரும் சேர்ந்து வாழ்ந்தது ஏழு ஆண்டுகள்கூட இல்லை.

என் மூன்றாவது கேள்வி இங்கேதான் எழுகிறது. நீதிமன்றம் வெளிச்சத்தில் மறுத்த மரணத்தைச் சிறைச்சாலை இருட்டில் கொடுத்துவிட்டது. தண்டனை என்பது தீர்ப்பு வாசிக்கப்படும் நாளோடு முடிவதில்லை. கதவு மூடிய பிறகுதான் தொடங்குகிறது. எவ்வளவு வெறுக்கத்தக்க குற்றமாயினும், சட்டம் விதித்தது சிறை என்றால், அரசு கொடுக்க வேண்டியதும் சிறை மட்டுமே. பசியும் நோயும் தனிமையும் தீர்ப்பில் எழுதப்படாத தூக்குக் கயிறுகள். கொலையைக் கண்டிக்கும் உரிமை அரசுக்கு உண்டு என்றால், அந்த உரிமைக்கு அரசு தகுதியாக இருக்க வேண்டியது அந்தக் கதவுக்குப் பின்னால்தான்.

உடலை அடையாளமின்றிப் புதைத்தார்கள். கல்லறை வழிபாட்டிடமாகிவிடக் கூடாது என்பது நோக்கம். புதைத்த படைவீரர்களில் ஒருவரான செக் இளைஞர் இடத்தை நினைவில் வைத்திருந்தார். 1920-இல் எலும்புகள் சரயேவோவுக்கு வந்தன.

வரவும் செலவும்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பொருளாதாரம் படித்தவனுக்கு இது சங்கடமான பகுதி. ஏனெனில் வரவு என்று ஒன்று இருக்கிறது. பேரரசு 1918 இறுதியில் உடைந்தது. தென்-ஸ்லாவியர்களின் புதிய நாடு பிறந்தது. 1919 பிப்ரவரியில் அந்த நாடு ஓர் ஆணையால் கிமெட் முறையை ஒழித்தது. பிரின்சிப் இறந்து பத்து மாதங்கள் ஆகியிருந்தன. 1911 சட்டத்தின் வழியே பல பத்தாண்டுகள் ஆகியிருக்கக்கூடியது ஒரே நாளில் நடந்தது. இதைச் சொல்லாமல் அவரைக் கண்டிப்பது நேர்மையன்று.

செலவுப் பக்கத்தில், போரில் இறந்த வீரர்கள் மட்டும் ஏறத்தாழ 90 லட்சம் பேர். மக்கள்தொகை விகிதத்தில் மிக அதிகம் இழந்த நாடுகளுள் செர்பியா ஒன்று. கடல் கடந்து போருக்குச் சென்ற இந்திய வீரர்களில் 70,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. இந்தச் செலவு முழுவதையும் பிரின்சிப்பின் பெயரில் எழுத முடியாது என்று முன்பே சொன்னேன். அப்படியானால் வரவையும் அவர் பெயரில் எழுத முடியாது. போருக்கு அவர் பொறுப்பல்ல, ஆனால் விடுதலைக்கு அவரே காரணம் என்று வாதிடுவோர், ஒரே பேரேட்டில் இரண்டு விதமான கணக்கு எழுதுகிறார்கள்.

இரண்டையும் நீக்கிவிட்டால் அவர் பெயரில் எஞ்சுவது, அவர் கையால் நடந்தது மட்டுமே: இரண்டு பேர் இறந்தார்கள், மூன்று குழந்தைகள் அநாதையானார்கள். நியாயமான மனக்குறை அந்தச் செயலை நியாயமாக்கவில்லை.

சதியில் உயிர் பிழைத்தவர் ஒருவரின் வாழ்க்கையும் இங்கு நினைக்கத்தக்கது. வாசோ சுப்ரிலோவிச், தூக்கிலிடப்பட்ட ஆசிரியரின் தம்பி. அன்று ஆற்றோரச் சாலையில் ஆயுதத்தோடு நின்ற 17 வயதுப் பையன். 16 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, பேரரசு வீழ்ந்ததும் விடுதலையானார். பெல்கிரேடில் வரலாற்றுப் பேராசிரியரானார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமைச்சருமானார். 1990 வரை வாழ்ந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் விடுதலைக்காக ஆயுதம் ஏந்திய அதே மனிதர், 1937-இல் அல்பேனியர்களை நாட்டைவிட்டு எப்படி வெளியேற்றலாம் என்று விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். ஒரு மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை உணர்ந்த மனம், மற்றொரு மக்களுக்கு இழைக்கும் அநீதியை உணரும் என்று உறுதியில்லை. பிரின்சிப் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று நமக்குத் தெரியாது. அவரைத் தூயவராகவே நினைவுகூர முடிகிறதென்றால், அவர் 23 வயதில் இறந்துபோனதும் அதற்கு ஒரு காரணம்.

மாறும் கல்வெட்டுகள்

அவர் நின்ற தெருமுனையின் கதை தனி. அங்கு 1930-இல் அவரைப் போற்றி ஒரு கல்வெட்டு வைத்தார்கள். 1941-இல் நகரைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அதைப் பெயர்த்து ஹிட்லருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார்கள். 1945-இல் மீண்டும் கல்வெட்டு. பின்னர் அருங்காட்சியகம், நடைபாதையில் அவருடைய பாதச்சுவடுகள், பக்கத்துப் பாலத்துக்கு அவர் பெயர். 1992-இல் செர்பியப் படைகள் சரயேவோவை முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தபோது, நகர மக்களுக்கு அந்தப் பெயர் கசந்தது. பாதச்சுவடுகள் காணாமற்போயின, பாலம் பழைய பெயருக்குத் திரும்பியது. கொலை நடந்து நூறு ஆண்டு நிறைந்த 2014-இல் கிழக்குச் சரயேவோவிலும், மறு ஆண்டு பெல்கிரேடிலும் செர்பியர்கள் அவருக்குச் சிலை வைத்தார்கள். தெருமுனையில் இன்றுள்ள பலகை, இந்த இடத்திலிருந்து இன்னார் இன்னாரைச் சுட்டார் என்ற செய்தியை மட்டும் சொல்கிறது. புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை.

என் வகுப்பறைப் பதிலும் ஒருவகையில் இந்தக் கல்வெட்டுகளைப் போன்றதுதான். எந்த ஊரில் நிற்கிறாய் என்பதைப் பொறுத்தது என்று சொல்லிவிட்டால், ஆட்சி மாறும்போதெல்லாம் விடையும் மாறும். அன்று அந்த மாணவர் கேட்டது ஊரைப் பற்றியதல்ல, நியாயத்தைப் பற்றியது.

இன்று அவர் நடுத்தர வயதைத் தொட்டிருப்பார். ஒருவேளை இதைப் படிக்கவும் கூடும். அவருக்கு இப்போது சொல்கிறேன். அந்த இளைஞரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதைக் காலத்தோடு தீர்க்காத ஆட்சி குற்றவாளி. அவர் செய்தது கொலை. அதற்கு வேறு பெயர் வேண்டாம். அவரைச் சிறையில் அழுகவிட்டது அரசு செய்த தவறு. அவர் கொலையாளி என்பதால் அது சரியாகிவிடாது. இந்த மூன்றில் எதையும் விட்டுவிடாதீர்கள், தம்பி. இத்தனை காலம் கழித்துச் சொல்வதற்கு என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.